களை விதைக்கு மண் சொல்லும் சேதி

களையெடுத்து முடித்த நிலத்தில் ஒரு மழை பெய்தால் போதும், பத்து நாளில் மறுபடியும் பச்சை படர்ந்துவிடுகிறது. காற்றில் பறந்து வந்ததோ, பக்கத்து நிலத்திலிருந்து வந்ததோ என்று நினைப்போம். கொஞ்சம் அப்படியும் வரும். ஆனால் பெரும்பகுதி அதே மண்ணுக்குள் ஏற்கெனவே கிடந்த விதைகள்தான். போன வருடம் உதிர்ந்தது, அதற்கும் முன்னால் உதிர்ந்தது எல்லாம் கலந்து கிடக்கும். இந்தச் சேமிப்பை விதை வங்கி என்கிறார்கள். தொடர்ந்து பயிர் செய்யும் நிலத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சில ஆயிரம் களை விதைகள் இருப்பது சாதாரணம். கவனிக்காமல் விட்ட நிலத்தில் அது பத்தாயிரங்களைத் தாண்டும்.

இதில் ஒரு பருவத்தில் முளைப்பது சின்னப் பங்குதான். மீதி எல்லாம் ஏன் சும்மா கிடக்கின்றன? அதில் எது அடுத்த வருடம் உயிரோடு இருக்கும், எது அழுகிப்போகும்? விதையின் இனத்தைப் பொறுத்தது என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, அந்த விதை கிடக்கும் இடத்தின் ஈரம், வெப்பம், காற்று, வெளிச்சம், அங்கே வாழும் பூஞ்சைகள், பூச்சிகள் ஆகியவற்றில் இருக்கிறது. களைக்கொல்லியைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

முதலில் ஒரு அடிப்படை. உதிர்ந்த விதைக்கு மூன்று வழிகள் உண்டு: முளைக்கலாம், சாகலாம், உறங்கலாம். உறக்கநிலை என்பது, தண்ணீரும் வெப்பமும் கிடைத்தாலும் முளைக்காமல் இருக்கும் நிலை. சில விதைகள் செடியிலிருந்து விழும்போதே உறக்கத்தில் இருக்கும். வேறு சில, முளைக்கத் தயாராக இருந்தும் சூழல் சரியில்லாததால் மறுபடி உறங்கப் போய்விடும். பயிர் விதைகளில் இந்தக் குணத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் கழித்துக்கட்டிவிட்டான். விதைத்ததெல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும் என்பது நம் தேவை. களைக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஒரே செடியின் விதைகள் பல வருடங்களுக்குப் பிரிந்து பிரிந்து முளைத்தால்தான் அதன் வம்சம் தப்பும்.

ஆழம்தான் முதல் கேள்வி

மண்ணின் எந்தக் குணம் அதிகம் பாதிக்கிறது என்று கேட்டால் நான் ஆழத்தைத்தான் சொல்வேன். ஆழம் மாறினால் வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றும் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். சூரிய ஒளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். விதைக்குள் பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது முளைக்கச் சொல்லும் வடிவத்துக்கு மாறும். சிவப்புக்கு அப்பால் உள்ள தூரச்சிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஒரு சுவிட்ச் போல, கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுதான் செல்லும். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 1952இல் லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளை வைத்து இதைக் காட்டினார்கள். வயலில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், பயிரின் இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விடுகின்றன. ஆக, அடர்ந்த பயிருக்குக் கீழே மண்மேல் கிடக்கும் விதைக்கு வெளிச்சம் இருந்தும் 'மேலே ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள், பொறு' என்ற சேதிதான் போகிறது. பயிர் சீக்கிரம் தழைத்து மூடினால் களை குறைவதற்கு நிழல் மட்டும் காரணம் இல்லை, இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விசித்திரம்: உதிர்ந்தபோது வெளிச்சமே தேவைப்படாத பல விதைகள், கொஞ்ச காலம் புதைந்து கிடந்த பிறகு வெளிச்சம் இல்லாமல் முளைக்க மாட்டேன் என்கின்றன. வெசன், வேரிங் என்ற இருவர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. இருட்டில் குழி தோண்டி, சிலவற்றைக் கண்ணாடியாலும் சிலவற்றை ஒளி புகாத பலகையாலும் மூடினார்கள். கண்ணாடிக்குக் கீழே நாற்றுகள் வந்தன. பலகைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை.

புதைந்து கிடந்து வெளிச்சத்தை உணர்வதில் கூர்மையாகிவிட்ட விதைக்கு ஒரு நொடிக்கும் குறைவான வெயில்கூடப் போதும். உழும்போது மண் புரளும் அந்தக் கண நேரத்தில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய், அங்கிருந்து முளைத்து வருகிறது. அப்படியானால் இரவில் உழுதால்? ஜெர்மனியில் 1990இல் வெளியான ஒரு ஆய்வு அதைத்தான் சோதித்தது. பகலில் உழுத இடத்தில் பரப்பில் 80 சதவீதத்தைக் களை மூடியது, இரவில் உழுத இடத்தில் 2 சதவீதம்தான். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்குச் சில நேரம் பலன் கிடைத்தது, சில நேரம் கிடைக்கவில்லை. மேற்பரப்பில் கிடக்கும் விதைகள் மறுநாள் காலையில் எப்படியும் வெயிலைப் பார்த்துவிடும், தவிர எல்லாக் களைக்கும் வெளிச்சம் தேவையில்லை. இதை நம்பி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. விதை எவ்வளவு நுட்பமாக மண்ணைக் கவனிக்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும் இது நல்ல உதாரணம்.

அடுத்து வெப்பம். மண்ணின் மேல்தோல் பகலில் சுட்டு இரவில் குளிரும். கீழே போகப் போக இந்த ஏற்ற இறக்கம் தேய்ந்து, ஒரு அடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. பல களை விதைகள் இந்த வித்தியாசத்தையே அடையாளமாகப் பிடித்துக்கொள்கின்றன. பகல்-இரவு வெப்பம் நன்றாக மாறுகிறது என்றால், தான் மேலே இருக்கிறோம், தலைக்கு மேல் செடி கொடி ஒன்றும் இல்லை, தண்ணீரும் தேங்கி நிற்கவில்லை என்று பொருள். வைக்கோல், இலைதழை போன்றவற்றால் மண்ணை மூடி மூடாக்கு போட்டால் களை குறைவதற்கு வெளிச்சம் மறைவதோடு இந்த ஏற்ற இறக்கம் சுருங்குவதும் உதவுகிறது.

வெப்பம் பருவத்தையும் சொல்கிறது. குளிர்நாடுகளில் கோடைக் களைகளின் விதைக்கு ஈரமான குளிர்காலம் கடந்தால்தான் உறக்கம் கலையும். குளிர்காலத்தில் முளைக்கும் களைகளுக்கு நேர்மாறாகக் கோடையின் சூடு வேண்டும். வெப்பநாடுகளில் பல புல் விதைகள் வறண்ட கோடையில் காய்ந்து கிடந்தே முதிர்ந்து, முதல் நல்ல மழைக்குத் தயாராகின்றன. தவறவிட்டால் மறுபடி உறக்கம், மறுபடி அடுத்த வருடம். மண்ணுக்குள் கிடக்கும் விதை இப்படி வருடா வருடம் உறங்கி விழித்து உறங்கிக்கொண்டே இருக்கிறது.

முளைத்தாலும் மேலே வந்து சேர வேண்டும். குப்பைக்கீரை விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதில் உள்ள உணவு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்ட வேண்டும் என்பதால், வயலில் வருபவை பெரும்பாலும் மேல் 2 சென்டிமீட்டரிலிருந்து வருபவை. காட்டு ஓட்ஸ் போன்ற பெரிய விதை 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் வரும். ஆழத்தில் முளைத்துவிட்டு மேலே வர முடியாமல் செத்துப்போகும் விதைகளும் உண்டு. நமக்கு அது லாபம். சிறிய விதைகள் வெளிச்சத்துக்கும் வெப்ப மாற்றத்துக்கும் அவ்வளவு மதிப்பு கொடுப்பது இந்த விபத்தைத் தவிர்க்கத்தான்.

ஈரம், காற்று, மண்ணின் தன்மை

முளைப்பதற்குத் தண்ணீர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு ஈரத்தில் முளைக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். உப்பு மண்ணில் ஈரம் இருந்தும் விதையால் அதை எளிதில் இழுக்க முடியாது, அதனால் முளைப்பு தாமதமாகும், குறையும். துத்தி இனங்கள், பயறு வகைக் களைகள், கொடிக் களைகள் பலவற்றுக்குத் தோலே தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. மாறி மாறிச் சுடுவதும் குளிர்வதும், நனைவதும் காய்வதும் அந்தத் தோலில் மெல்ல விரிசலை உண்டாக்கும்வரை மழை பெய்தாலும் அவை அசையாது.

உயிர்வாழும் விஷயத்தில் ஈரம் இரண்டு பக்கமும் வெட்டும். உறக்கநிலையில் உள்ள விதை ஈரத்தை உறிஞ்சிய நிலையில் இருந்தால், உள்ளே ஏற்படும் சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். மரபணுவில் உண்டாகும் பழுதையும் சேர்த்துத்தான். அரைகுறையாக ஈரமான விதைக்கு அந்த வசதி இல்லை, சேதம் சேர்ந்துகொண்டே போகும். அதே ஈரம்தான் பூஞ்சைகளையும் வளர்க்கிறது. கெட்டித் தோலும் உறக்கமும் இல்லாத விதைக்கு ஈரமும் சூடும் சேர்ந்த மண் சீக்கிரமே எமனாகிவிடும். ஆகவே 'ஈர மண்ணில் விதை நீண்ட நாள் இருக்குமா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த விதை என்று கேட்க வேண்டும்.

தண்ணீர் நிரம்பினால் காற்று வெளியேறும். ஆக்சிஜன் இல்லாமல் பெரும்பாலான நிலக் களைகள் முளைக்காது. சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டி நெல் நடுவதில் உள்ள பெரிய ஆதாயம் இதுதான். விதிவிலக்கு, நெல்லோடு ஒட்டிப் பழகிய குதிரைவாலிப் புல். அதன் விதையால் ஆக்சிஜன் இல்லாமலே முளைத்துத் தண்டு விட முடியும். தண்ணீர் ஆழம் குறைந்தாலோ கட்டுவதற்குத் தாமதமானாலோ அதுதான் முதலில் தலைகாட்டும்.

தண்ணீர் தேங்காத நிலத்திலும் காற்று ஒரு பிரச்சினைதான். களிமண்ணில் துளைகள் சிறியவை. ஆழத்தில் வேர்களும் நுண்ணுயிர்களும் விதையும் விடும் மூச்சு சுலபமாக வெளியேறாது, புதுக் காற்றும் வராது. ஊமத்தை விதைகளைப் பல்வேறு மண்ணில் புதைத்துப் பார்த்தபோது, அதே ஆழத்தில் மணல் மண்ணில் முளைத்த அளவுக்குக் களிமண்ணில் முளைக்கவில்லை. முளைக்காதவை சாகவில்லை, உறங்கின. களிமண் நிலத்தில் பழைய களை திடீரென்று கிளம்பி வருவதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கீழே காற்றில்லாமல் உறங்கிக் கிடந்ததை உழவு மேலே கொண்டுவந்துவிடுகிறது.

மண்ணின் அமில காரத் தன்மை முளைப்பை நேரடியாகப் பாதிப்பது குறைவு. பல களைகள் பரந்த எல்லைக்குள் முளைக்கும். எந்தச் செடி தழைக்கும், எது நோஞ்சானாகும் என்பதில்தான் அது விளையாடும்.

மண்ணில் உள்ள தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் வேறு கதை. பல களை விதைகளுக்கு நைட்ரேட் ஒரு விழிப்பு மணி, வெளிச்சத்தோடு சேர்ந்தால் இன்னும் வலுவாக வேலை செய்யும். காரணம் யோசித்தால் புரியும். செடிகள் நிறைந்த மண்ணில் நைட்ரேட்டை வேர்கள் உறிஞ்சிவிடும். அது மிஞ்சிக் கிடக்கிறது என்றால் இடம் காலி. உழுத பிறகு மண்ணில் காற்றோட்டம் கூடி நைட்ரேட் பெருகுவதும் இதோடு சேர்கிறது. நிலம் முழுக்கத் தழைச்சத்தை முன்கூட்டியே இறைப்பதைவிட, பயிரின் வேர் அருகே தேவையான நேரத்தில் வைப்பது இந்தக் கோணத்திலும் நல்லது.

மண்ணின் சேதியைக் கேட்பதில் உச்சம் தொட்டது சுடுமல்லி. சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒட்டுண்ணி இது. விதை தூசி மாதிரி இருக்கும், ஒரே செடி பல்லாயிரம் விதைகள் உதிர்க்கும். அவ்வளவு சின்ன விதையில் உணவு கிடையாது, முளைத்த சில நாளில் பயிரின் வேரைப் பிடிக்காவிட்டால் சாவுதான். அதனால் வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள் எட்டும்வரை முளைக்காது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் பயிர் இந்தப் பொருளை அதிகமாகக் கசியவிடுகிறது, வேர்ப் பூஞ்சைகளை உதவிக்கு அழைக்கத்தான். அழைப்பு சுடுமல்லிக்கும் கேட்டுவிடுகிறது. சத்தில்லாத நிலத்தில் இந்தக் களை கூடுதலாக ஆட்டம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் சுடுமல்லி பரவியிருப்பது தெரிந்தபோது, அதை ஒழிக்க எத்திலீன் வாயுவை மண்ணுக்குள் செலுத்தும் முறையையும் பயன்படுத்தினார்கள். எத்திலீன் அந்த விதையை ஏமாற்றி முளைக்க வைக்கும். பிடிக்க வேர் இல்லாததால் முளைத்தது பட்டினி கிடந்து சாகும்.

எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்?

இந்தக் கேள்விக்குப் பலரும் காட்டும் உதாரணம் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகனில் 1879இல் தொடங்கிய சோதனை. 21 வகைச் செடிகளில் வகைக்கு 50 விதைகள் எடுத்து, ஈர மணலோடு பாட்டிலில் போட்டு, அப்படி 20 பாட்டில்களைப் புதைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றைத் தோண்டி எடுத்து முளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2021இல், அதாவது 142 வருடம் கழித்து எடுத்த பாட்டிலில் வெர்பாஸ்கம் என்ற காட்டுச்செடியின் விதைகளில் 20 முளைத்தன. அடுத்தது 2040இல்.

இதைப் படித்துவிட்டு மலைத்துப் போக வேண்டாம். பாட்டிலுக்குள் கலப்பை போகவில்லை, வண்டும் எலியும் எறும்பும் போகவில்லை. மற்ற வகைகள் பெரும்பாலானவை வெகு முன்னரே செத்துவிட்டன. உழும் நிலத்தில் நிலவரம் வேறு. இங்கிலாந்தில் நடந்து 1967இல் வெளியான ஒரு ஆய்வில், புது விதை சேராமல் பார்த்துக்கொண்டபோது, கிளறாமல் விட்ட மண்ணில் விதை எண்ணிக்கை வருடத்துக்குச் சுமார் 22 சதவீதம் குறைந்தது. வருடம் நான்கு முறை கிளறிய மண்ணில் சுமார் 36 சதவீதம். ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால், முதலாவதில் 29 சதவீதம் மிஞ்சும், இரண்டாவதில் 11 சதவீதம்தான். புது விதை சேராமல் என்பதுதான் இதில் முக்கியம். ஒரு குப்பைக்கீரைச் செடியை விதைக்க விட்டாலே பல வருடச் சேமிப்பு திரும்ப வந்துவிடும்.

விதைகளைக் கொல்வது யார்? பூஞ்சைகள் ஒரு பக்கம். மேற்பரப்பில் கிடப்பவற்றைத் தரை வண்டுகள், எறும்புகள், எலிகள், பறவைகள் தின்கின்றன. வெயிலும் மழையும் மாறி மாறி வாட்டுகின்றன. புதைத்துவிட்டால் இந்த எல்லா ஆபத்திலிருந்தும் விதைக்கு நாமே பாதுகாப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அறுவடை முடிந்தவுடன், உதிர்ந்த களை விதைகளை உழுது மூடாமல் சில வாரம் மேலேயே கிடக்க விடச் சொல்வது இதனால்தான்.

இதை வைத்து என்ன செய்யலாம்?

மண்ணைப் புரட்டும் கலப்பை மேலே உள்ள விதையை 15-20 சென்டிமீட்டர் கீழே தள்ளும். உளிக்கலப்பை ஓரளவுக்குக் கலக்கும். உழவில்லாச் சாகுபடியில் பெரும்பகுதி விதை மேல் சில சென்டிமீட்டரிலேயே தங்கும். அங்கே நிறைய முளைக்கும், நிறைய தின்னப்படும், அதனால் தொடர்ந்து விதைக்க விடாமல் காத்தால் சேமிப்பு வேகமாகக் கரையும். ஆரம்ப வருடங்களில் களை கூடுதலாகத் தெரிவதைப் பார்த்து இந்த முறையைக் கைவிடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். மோசமானது ஒரு வருடம் ஆழமாகப் புரட்டிப் புதைத்துவிட்டு, அடுத்த வருடமே மறுபடி ஆழமாகப் புரட்டுவது. புதைத்தது உறங்கிவிட்டுப் புத்துணர்ச்சியோடு மேலே வரும். ஒரு முறை ஆழ உழுதால் பிறகு சில வருடங்கள் மேலோட்டமான உழவு போதும், அதற்குள் கீழே உள்ளதில் கணிசமான பங்கு செத்திருக்கும்.

விதைப்பதற்கு முன்பே களையை முளைக்க வைத்து அழிப்பது இன்னொரு வழி. நிலத்தைத் தயார் செய்து, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் மேல் மண்ணில் தயாராக இருந்தவை முளைத்துவிடும். அவற்றை மேலாகச் சீவி எடுத்துவிட்டு உடனே விதைக்க வேண்டும். இங்கே ஆழமாகக் கிளறினால் புதிய விதைகளுக்கு வெளிச்சம் காட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகும்.

கடும் வெயில் காலத்தில் ஈரமான மண்மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பை நான்கு முதல் ஆறு வாரம் இறுக்கமாகப் போட்டு வைப்பதும் உண்டு. மண் ஈரமாக இருப்பது அவசியம். காய்ந்த விதை சூட்டைத் தாங்கும், நனைந்த விதை தாங்காது. மேல் சில சென்டிமீட்டரில் உள்ளதைத்தான் இது கொல்லும். கெட்டித் தோல் விதைகளும் கோரைக்கிழங்கும் பெரும்பாலும் தப்பிவிடும். தொழு உரம் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான்: குவியல் ஈரத்தோடு 55-60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிச் சில நாள் அப்படியே நின்றால் அதிலுள்ள களை விதை பெரும்பாலும் செத்துவிடும், பச்சையாக இறைத்தால் வங்கிக்குப் புது வரவு.

எதைச் செய்வதற்கு முன்னும் நம் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம், செலவில்லாத வேலை. நிலத்தில் பல இடங்களிலிருந்து மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாகவும், அதற்குக் கீழே 20 சென்டிமீட்டர் வரையிலான மண்ணைத் தனியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனித் தட்டில் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, வெளிச்சத்தில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைப்பதை எண்ணிப் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கிளறி மறுபடி தண்ணீர் தெளியுங்கள். இரண்டாவது தடவையும் ஒரு கூட்டம் வரும். இந்த முறையில் உறக்கத்தில் உள்ள எல்லா விதையும் வெளியே தெரியாது. ஆனாலும் எந்தக் களை அதிகம், அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது பிடிபடும். கீழ் மண் தட்டில் மேல் மண்ணைவிட அதிகம் முளைத்தால், இந்த வருடம் ஆழ உழவைத் தள்ளிப் போடுங்கள்.